வெக்கை நாளில் ஒரு கதவைத் தட்டுவோம்

கடந்த ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிறு. நாம் ஆராதனைக்குக் கூடும் கட்டடத்தில் ஏசி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். காலை பத்தரை மணிக்கே பாட்டுத் தாள்கள் எல்லாம் விசிறிகளாகிவிட்டன. பாடகர் குழுவில் நின்ற எங்களுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. போதகர் வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாகப் பிரசங்கத்தை முடித்தார். வாசலில் கைகொடுத்த பலர் அதற்காகவே அவருக்கு நன்றி சொன்னார்கள்.

அன்று இரண்டாம் வரிசையில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. எந்தப் பனியிலும் தவறாமல் வருகிற ஓர் ஆச்சியின் இடம் அது. பெப்ரவரியில் பஸ் பிடித்து வருகிறவர் ஜூலையில் ஏன் வரவில்லை? எங்களில் இருவர் ஆராதனை முடிந்ததும் அவருடைய தொடர்மாடிக்குப் போனோம். எட்டாம் மாடி, மேற்குப் பார்த்த வீடு. கதவைத் திறக்க அவருக்கு நெடுநேரம் எடுத்தது. திறந்தபோது, அடுப்பைத் திறந்தால் முகத்தில் அடிப்பதுபோல உள்ளேயிருந்து வெக்கை அடித்தது.

"ஒண்டுமில்லை பிள்ளையள். கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான்."

மூலையில் மகன் வாங்கிக் கொடுத்த ஏசி நின்றது. அதன்மேல் ஒரு துணி போர்த்தி, துணியின்மேல் பூச்சாடி வைத்திருந்தார்.

"அதைப் போட்டா முழங்கால் உளையுது மோனை. பிறகு ஹைட்ரோ பில்லை ஆர் கட்டுறது? எங்கட ஊர் வெயிலைப் பாத்த எனக்கு இந்தக் கனடா வெயில் என்ன செய்யும்?"

"காலமையில இருந்து என்ன குடிச்சனீங்கள், ஆச்சி?"

"காலமை ஒரு தேத்தண்ணி."

அப்போது பிற்பகல் இரண்டு மணி. நாங்கள் பூச்சாடியை இறக்கி, ஏசியைப் போட்டோம். அதன் சிறு திரையில் அறையின் வெப்பநிலை 33 என்று தெரிந்தது. தண்ணீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தபோது ஆச்சி எங்களில் ஒருவரை வேறொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு இன்று என்ன கிழமை என்று கேட்டார். நாங்கள் 911ஐ அழைத்தோம். அவர் இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து நலமாக வீடு திரும்பினார். நாங்கள் போவதற்கு மாலையாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு எங்கள் இளையோர் குழுவில் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். தெரிந்துகொண்டவற்றை இந்தக் கோடை முழு வீச்சில் வருமுன் உங்களோடு பகிர விரும்புகிறோம்.

வெயில் வேறு, புழுக்கம் வேறு

நம்முடைய மொழியில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: புழுக்கம். காற்று அசையாமல், வியர்வை காயாமல், உடம்பு அவிகிற நிலை. ரொறன்ரோவில் ஜூலை மாதத்துச் சராசரிப் பகல் வெப்பம் 27 பாகை அளவுதான். ஊரோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை என்றுதான் நம் பெரியவர்கள் சிரிப்பார்கள். ஆனால் மெக்சிக்கோ வளைகுடாப் பக்கமிருந்து ஈரம் நிறைந்த சூடான காற்று தெற்கு ஒன்ராறியோவுக்கு ஏறி வரும் நாட்களில் அந்தச் சராசரிக்கு அர்த்தமில்லை.

நம் உடம்பு தன்னைக் குளிர்விக்கும் முக்கியமான வழி வியர்வை. வியர்வை வடிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது ஆவியாகிப் போகும்போதுதான் குளிர்கிறது. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் தோலில் இருந்து ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஏழு கிலோ ஐஸ் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பத்துக்கு அது சமம். நாம் ஒவ்வொருவரும் தோலுக்குள் அவ்வளவு பெரிய ஐஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு திரிகிறோம். ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வைக்குப் போக இடமில்லை. அது சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழுகிறது. உடம்பு நீரையும் உப்பையும் இழக்கிறது, பதிலாகக் குளிர்ச்சி கிடைப்பதில்லை.

இதைக் கணக்கில் எடுக்கத்தான் கனடாவில் 'ஹியூமிடெக்ஸ்' என்ற எண்ணைச் சொல்கிறார்கள். 1965இல் இங்கே பயன்பாட்டுக்கு வந்தது. இன்று பயன்படும் சூத்திரத்தை மாஸ்டர்டன், ரிச்சர்ட்சன் என்ற இரு கனடிய வானிலை ஆய்வாளர்கள் 1979இல் அமைத்தார்கள். இரண்டு நாட்களை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் வெப்பநிலை 30 பாகை. முதல் நாள் காற்றின் பனிபடுநிலை 15. ஹியூமிடெக்ஸ் 34 வரும். இரண்டாம் நாள் பனிபடுநிலை 25. ஹியூமிடெக்ஸ் 42 ஆகிவிடும். வெப்பமானியில் ஒரே எண்தான், உடம்புக்கோ இரண்டும் வேறு வேறு நாட்கள். 30க்கும் 39க்கும் இடையில் சற்று அசௌகரியம், 40ஐத் தாண்டினால் பெரும் அசௌகரியம், கடும் உழைப்பைத் தவிர்க்கவேண்டும், 45க்கு மேல் ஆபத்து என்று அரசின் வழிகாட்டி சொல்கிறது. கனடாவில் பதிவான மிக உயர்ந்த ஹியூமிடெக்ஸ் 53. 2007 ஜூலை 25இல் மனிற்றோபா மாகாணத்தின் கார்மன் என்ற ஊரில் அது பதிவானது. பனிக்குப் பெயர்போன மனிற்றோபாவில்!

பனிபடுநிலை என்றால் பயப்பட வேண்டாம். ஐஸ் போட்ட தேசிக்காய்த் தண்ணீர்க் கிளாஸின் வெளிப்பக்கம் ஈரம் படிகிறதல்லவா? காற்று எந்த வெப்பநிலைக்கு இறங்கினால் அப்படி நீர் படியத் தொடங்குமோ அதுதான் பனிபடுநிலை. கைபேசி வானிலைச் செயலிகள் பலவற்றில் இந்த எண் இருக்கிறது. 20ஐத் தாண்டினால் புழுக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஈரப்பதன் 90 வீதம் என்று அதிகாலையில் காட்டுவதைப் பார்த்துக் கலங்கவேண்டியதில்லை. குளிர்ந்த காலையில் அது சாதாரணம்.

"எங்கட ஊர் வெயிலைப் பாத்தனாங்கள்"

ஆச்சி சொன்னது பொய் அல்ல. யாழ்ப்பாணத்து வெயிலிலும் புழுக்கத்திலும் அறுபது ஆண்டு வாழ்ந்தவர். அந்த அனுபவத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மூன்று விடயங்கள் மாறிவிட்டன.

முதலாவது, உடம்பு. வெப்பத்துக்கு உடம்பு பழகுவதற்கு ஒன்று அல்லது இரண்டு வாரம் வேண்டும். பழகிய உடம்பு முந்தி வியர்க்கும், கூட வியர்க்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக விடும். ஆனால் அந்தப் பழக்கம் நிலைத்து நிற்பதில்லை. சில வாரங்கள் குளிரில் இருந்தாலே கரைந்துவிடும். ஒக்ரோபர் முதல் ஏப்ரல் வரை ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்த உடம்பு, ஜூன் மாதத்து முதல் வெக்கைக்கு ஊரைத் தெரியாத உடம்பாகத்தான் முகம் கொடுக்கிறது. இது ஆச்சிக்கு மட்டுமல்ல, ஜூன் முதல் வாரத்தில் கூடைப்பந்து ஆடப் போகும் நமக்கும் பொருந்தும். முதல் சில நாட்கள் பாதி நேரம் ஆடிப் பழகுங்கள்.

இரண்டாவது, வயது. வயது போகப்போக வியர்வை குறைகிறது. தாகம் தெரிவதும் குறைகிறது. உடம்பில் நீர் வற்றியிருக்கும், தொண்டை கேட்காது. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் எடுக்கும் சில மாத்திரைகள், குறிப்பாக உடம்பு நீரை வெளியேற்றும் மாத்திரைகள், இதை இன்னும் கூட்டும். அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்தச் சொல்லக்கூடாது. மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்கவேண்டும்.

மூன்றாவது, வீடு. எங்கள் தாத்தா பாட்டிமாரிடம் ஊர் வீட்டைப் பற்றிக் கேட்டோம். உயர்ந்த ஓட்டுக் கூரை. நடுவில் முற்றம் வைத்த நாற்சார் வீடு. வெயில் உள்ளே வராமல் தடுக்கும் விறாந்தை. வாசலில் வேம்பு. காலையும் மாலையும் கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி வார்க்கும் தண்ணீர். கோடையில் இடைவிடாமல் அடிக்கும் சோளகக் காற்று. மத்தியான வெயிலில் வேலையை நிறுத்திவிட்டு ஒரு சிறு தூக்கம், கையில் பனையோலை விசிறி. நிழல், காற்று, தண்ணீர், ஓய்வு நான்கும் அந்த வாழ்க்கைக்குள்ளேயே இருந்தன. யாரும் 'வெப்பப் பாதுகாப்பு' என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே எட்டாம் மாடியில் அந்த நான்கும் இல்லை. பகல் முழுக்கச் சூட்டை உறிஞ்சிய கொங்கிரீற் சுவர் இரவு முழுக்க அதை வீட்டுக்குள் விடுகிறது. ஒரு பக்கம் மட்டுமே ஜன்னல், ஆகவே குறுக்குக் காற்று இல்லை. சிறுபிள்ளைகள் விழாமல் இருக்க, ரொறன்ரோ தொடர்மாடிகளின் மேல்மாடி ஜன்னல்கள் 10 சென்ரிமீற்றருக்கு மேல் திறக்காதபடி பூட்டவேண்டும் என்று நகரச் சட்டம் சொல்கிறது. அது தேவையான சட்டம். ஆனால் அந்த இடுக்கு வழியாகச் சோளகம் வராது. ஆச்சியின் அறிவு பிழையில்லை. அந்த அறிவு ஊர் வீட்டுக்கு உரியது, அவர் இருப்பதோ வேறு வீட்டில்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2021 ஜூன் கடைசியில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கடும் வெப்பம் கவிந்தது. ஜூன் 29இல் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 பாகை பதிவானது. கனடாவில் அதுவரை யாரும் கண்டிராத வெப்பம் அது. அந்த வெப்பத்தால் அம்மாகாணத்தில் 619 பேர் இறந்தார்கள் என்று மரண விசாரணை அதிகாரிகள் கணக்கிட்டார்கள். அவர்களில் 98 வீதமானோர் கட்டடங்களுக்குள்ளேயே வெப்பத்துக்கு இரையானவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 70 வயதும் அதற்கு மேலும். பாதிக்கு மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள். வயலில் அல்ல, வீதியில் அல்ல, தங்கள் வீட்டுக் கட்டிலில். அதைப் படித்த அன்று எங்கள் கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

தொடர்மாடியில் நாம் செய்யக்கூடியவை

ஏசி இருந்தால் போடுங்கள். முழங்கால் உளைவுக்குப் பயந்தால் காற்று நேரே படாதபடி திருப்பி வையுங்கள், காலில் ஒரு மெல்லிய போர்வை போடுங்கள். 18இல் வைக்கத் தேவையில்லை. உள்ளே 26 பாகைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் பெரியவர்களுக்குப் போதும், பில்லும் குறையும். வீடு முழுவதையும் குளிர்விக்க முடியாவிட்டால் ஓர் அறைக் கதவைச் சாத்தி அதை மட்டும் குளிர்வியுங்கள்.

ஏசியின் வேலையில் பாதி, காற்றின் ஈரத்தை எடுப்பது. அதற்காகத்தான் அது பிறந்ததே. 1902இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் கோடை ஈரத்தால் தாள் ஊதிச் சுருங்கி, வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன. அதைத் தீர்க்க வில்லிஸ் கரியர் என்ற 25 வயது இளைஞர் வடிவமைத்த இயந்திரமே இன்றைய ஏசிக்கு முன்னோடி. முதலில் வசதி கிடைத்தது கடதாசிக்கு, பிறகுதான் மனிதருக்கு.

உருட்டிச் செல்லும் ஏசி வைத்திருப்பவர்கள் அதன் தடித்த குழாய் ஜன்னலுக்கு வெளியே போகிறதா என்று பாருங்கள். நாங்கள் போன ஒரு வீட்டில் குழாய் சோபாவுக்குப் பின்னால் கிடந்தது. முன்னால் குளிர்காற்று, பின்னால் சூடான காற்று. "இரண்டு கிழமையாப் போட்டிருக்கிறன், அறை குளிரேல்லை" என்றார் அந்த ஐயா. குளிராதுதான்!

விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையைக் காயவைக்க உதவுகிறது. இளையவர்களுக்கு அது நல்ல துணை. ஆனால் அறை 35 பாகையை நெருங்கினால் முதியவர்கள் விசிறியை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. குறைவாக வியர்க்கும் உடம்பின்மேல் சூடான காற்றை வீசினால் சூடுதான் ஏறும். விசிறிக்கு முன்னால் ஈரத் துவாய் தொங்கவிடும் வழி வரண்ட நாட்டுக்கு ஏற்றது. நம்முடைய புழுக்கத்தில் அது அறையில் ஈரத்தைக் கூட்டும். ஈரத்தைத் தோலிலேயே வையுங்கள். கை, கழுத்து, முகம் நனைத்துவிட்டு விசிறிக்கு முன்னால் இருங்கள். பருத்திச் சட்டையை நனைத்துப் போடுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் கால்களை வைத்திருங்கள். இது கிணற்றடியின் சிறு பேரப்பிள்ளை.

வெயில் படும் ஜன்னல்களின் திரையைக் காலையிலேயே மூடுங்கள். வெளியே உள்ளதைவிட உள்ளே சூடாக இருக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறவுங்கள். பெரும்பாலும் அது இரவு பிந்தியும் விடியற்காலையும்தான்.

சமையல் இன்னொரு முக்கிய விடயம். மாலை ஆறு மணிக்கு இடியப்பமும் புட்டும் அவித்தால், அந்த நீராவி முழுவதும் ஏற்கெனவே புழுங்கும் வீட்டுக்குள்தான் சுற்றும். வெக்கை நாளில் காலையிலேயே சமைத்துவிடுங்கள், அடுப்புக்கு மேலுள்ள காற்றாடியைப் போடுங்கள். அல்லது ஒரு நாளைக்குப் பாணும் பழமும் தயிரும் போதும் என்று அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். கழுவிய உடுப்பையும் வீட்டுக்குள் காயப்போடாதீர்கள்.

குடிப்பதில் தண்ணீரே முதல். அதற்கு அடுத்து உப்புப் போட்ட மோர், ஒரு சிட்டிகை உப்போடு தேசிக்காய்த் தண்ணீர், இளநீர். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, அதை மட்டும் குடிக்காதீர்கள். தாகம் வரும்வரை காத்திராமல் மணிக்கொரு தடவை சிறிது சிறிதாகக் குடிப்பது நல்லது. சிறுநீரகம், இதய நோய் உள்ளவர்களுக்குத் தண்ணீர், உப்பு, இளநீர் எல்லாவற்றுக்கும் அளவு இருக்கலாம். அவர்கள் தங்கள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்றவேண்டும்.

உடுப்பு தளர்வாக, மெல்லிதாக, வெளிர் நிறமாக இருக்கட்டும். காற்று உள்ளே போய் வெளியே வரவேண்டும். ஆலயத்துக்குக் கோட் போடாமல் வந்தால் யாராவது குறை சொல்வார்களோ என்று ஜூலையில் யோசிக்காதீர்கள். பட்டுச்சேலைக்கு டிசம்பர் இருக்கிறது.

வீட்டில் எதுவும் சரிவராவிட்டால் வெளியே போங்கள். நூலகம், சமூக நிலையம், கடைத்தொகுதி எதுவானாலும் சரி. இரண்டு மணி நேரம் குளிர்ந்த இடத்தில் இருப்பதே உடம்புக்குப் பெரிய ஓய்வு. அருகில் எங்கே அப்படி இடம் இருக்கிறது என்று 211ஐ அழைத்துக் கேட்கலாம். பெரியவர்கள் தனியே போகத் தயங்குவார்கள். அதற்குத்தான் நம்மிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. ஆனால் ஒன்று: கடைக்குள் "இரண்டு நிமிடம்" போய்வரும்போதும் யாரையும் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். பூட்டிய காருக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் ஏறக்குறைய 10 பாகை ஏறும்.

எப்போது 911?

தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், மிகுந்த களைப்பு, தசைப்பிடிப்பு வந்தால் உடம்பு எச்சரிக்கிறது என்று பொருள். உடனே குளிர்ந்த இடம், ஓய்வு, தண்ணீர்.

ஒருவர் குழம்பிப் பேசினால், நாள் கிழமை தெரியாமல் விழித்தால், நாக்குக் குழறினால், தள்ளாடினால், மயங்கினால், உடம்பு அனலாகக் கொதித்தால் அது வெப்பத் தாக்கு. உயிருக்கு ஆபத்து. உடனே 911ஐ அழையுங்கள். அவர்கள் வரும்வரை காத்திராமல் உடுப்பைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீரால் நனைத்து, விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். குழப்பத்தில் இருப்பவருக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள், புரையேறும். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது.

வியர்வை இருக்கிறதே, ஆகவே பரவாயில்லை என்று நினைக்கவும் வேண்டாம். வெப்பத் தாக்கு வந்தவர் வியர்த்துக்கொண்டும் இருக்கலாம்.

எங்கள் மூன்று கேள்விகள்

ஆச்சி வீடு திரும்பிய வாரத்தில் நாங்கள் ஒரு பட்டியல் எழுதினோம். நம் சபையில் தனியாக அல்லது துணைவரோடு மட்டும் வாழும் முதியவர்கள் பதினொரு வீடுகளில் இருந்தார்கள். வீட்டுக்கு இருவர் என்று பிரித்துக்கொண்டோம். டொலர் கடையில் சிறு வெப்பமானிகள் வாங்கி ஒவ்வொரு வீட்டிலும், கட்டிலில் இருந்து பார்க்கக்கூடிய சுவரில் மாட்டினோம்.

தெற்கு ஒன்ராறியோவின் பெரும்பகுதியில், பகலில் 31 பாகையும் இரவில் 20க்குக் குறையாமலும் இரண்டு நாள் தொடரும் என்றாலோ, ஹியூமிடெக்ஸ் 40ஐ எட்டித் தொடரும் என்றாலோ வெப்ப எச்சரிக்கை விடுப்பார்கள். எச்சரிக்கை வந்த நாளில் காலையில் ஒருவர் தொலைபேசியில் அழைப்பார். மாலையில் மற்றவர் நேரில் போவார். மாலை என்பதை வேண்டுமென்றே தெரிந்துகொண்டோம். வெளியே வெயில் தாழும்போது எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். மேற்குப் பார்த்த தொடர்மாடி வீட்டுக்குள் அந்த நேரந்தான் சூடு உச்சத்தில் இருக்கிறது.

முதல் வாரத்தில் நாங்கள் ஒரு பிழை விட்டோம். "சுகமா இருக்கிறீங்களோ?" என்று கேட்டோம். எல்லோரும் "ஓம், சுகம்" என்றார்கள். நம் பெரியவர்கள் போர்க்காலத்திலும் அப்படிச் சொன்னவர்கள்தானே. பிறகு கேள்வியை மாற்றினோம். சுவரில் என்ன எண் இருக்கிறது? காலையில் இருந்து என்னென்ன குடித்தீர்கள்? கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தீர்கள்? மூன்றாவது கேள்வியைக் கேட்க எங்களுக்குத்தான் முதலில் வெட்கமாக இருந்தது. அவர்களுக்கு இல்லை. ஓர் அம்மம்மா சிரித்துக்கொண்டே, "உங்கட கொப்பருக்கு நாப்கின் மாத்தினது நான்தான், என்னட்டை என்ன வெட்கம்?" என்றார்.

சுவரில் 26க்குக் கீழே என்றால் நிம்மதி. 31ஐத் தாண்டினால் பேச்சில்லை, அன்றிரவு அவர்களை வேறு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தோம். ஓகஸ்ட் முடிவதற்குள் நான்கு முறை அப்படிச் செய்யவேண்டி வந்தது. மறுத்தவர்களிடம் "உங்களுக்காக இல்லை, எங்களுக்கு நித்திரை வராது" என்று சொன்னோம். அது உண்மையும்கூட. ஹைட்ரோ பில்லுக்குப் பயந்தவர்களின் பிள்ளைகளோடும் பேசினோம். பலருக்குத் தாய் ஏசியைப் போடுவதில்லை என்பதே தெரிந்திருக்கவில்லை. வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்தார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம், வாராவாரம் இரண்டாம் வரிசையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு.

ஆபிரகாமின் கதை நம் எல்லோருக்கும் ஞாயிறு பள்ளியில் இருந்து தெரியும். பகல் வெப்பம் ஏறிய நேரத்தில் அவர் கூடார வாசலில் உட்கார்ந்திருந்தார். மூன்று பேர் நிற்பதைக் கண்டதும் வயதான அந்த மனிதர் எழுந்து ஓடினார். அவர் முதலில் கொடுக்க முன்வந்தவை இரண்டு: தண்ணீர், மரத்து நிழல். விருந்து பிறகுதான் வந்தது. இந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அது வெக்கை நாளில் நடந்தது என்பதைக் கடந்த கோடையில்தான் கவனித்தோம்.

இந்த ஆண்டுப் பட்டியலில் வீடுகள் பதின்மூன்றாகிவிட்டன. கார் ஓட்டுகிறவர்களும் வேண்டும், ஓட்டாதவர்களும் வேண்டும். தமிழ் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை, அந்த மூன்று கேள்விகளை நாங்கள் சொல்லித்தருவோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பின்வாசலில் பெயர் கொடுங்கள்.

ஆச்சியைக் கடந்த வாரம் பார்த்தோம். ஏசியின்மேல் துணியும் இல்லை, பூச்சாடியும் இல்லை. சுவரில் 25. எங்களை உட்காரவைத்து மோர் தந்துவிட்டு, தொப்பியில்லாமல் மத்தியான வெயிலில் வந்ததற்கு நன்றாக ஏசினார்.

"காலமையில இருந்து என்ன குடிச்சனீங்கள்?" என்று கேட்டார்.

எங்களில் ஒருவர் குடித்திருந்தது ஒரு கோப்பி மட்டும்.